கொடுமணல்: ஒரு சிற்றூரின் நிலமும் காலமும்

(திருப்பூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேர சோழ பாண்டியர் வரலாற்றை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். தலைநகரங்களைப் பற்றியும் பெரிய கோயில்களைப் பற்றியும் மேடைகளில் நிறையக் கேட்டுவிட்டோம். இன்று நான் பேச வந்திருப்பது அரண்மனையோ கோட்டையோ இல்லாத ஒரு சிற்றூரைப் பற்றி. அதன் பெயர் கொடுமணல். இங்கிருந்து கிழக்கே, நொய்யல் போகும் திசையிலேயே போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆற்றின் வடகரையில் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் ஈரோடு மாவட்டம். மாவட்ட எல்லைகள் எல்லாம் நேற்று வந்தவை. 1979 வரை ஈரோடும் கோவை மாவட்டம்தான். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல். ஆறு இந்தக் கோடுகளை அறியாது. ஆற்றை வைத்துப் பார்த்தால் கொடுமணலும் திருப்பூரும் ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு ஊர்கள்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் ஏற்றுமதித் தொழில் செய்த ஊர் கொடுமணல். இன்று அந்த வேலையைச் செய்வது திருப்பூர். ஓர் ஊர் என்ன செய்து பிழைக்கும் என்பதை அதன் நிலமும் நீரும்தான் முதலில் முடிவு செய்கின்றன. அந்த நிலத்தையும் நீரையும் அறிந்து காக்கிற ஊரின் தொழில்தான் நிலைக்கும். இன்றைய பேச்சின் சாரம் இதுதான். இதைச் சொல்வதற்குக் கொடுமணலைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இருக்கும் இடம்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. மேலைக் கடற்கரையில் இறங்கிய வணிகன் வண்டி கட்டிக்கொண்டு கீழ்க்கடலுக்குப் போக வேண்டுமானால் இந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். வாசலைத் தாண்டியதும் அவன் கால் வைப்பது கொங்கு நாட்டில்.

கொங்கில் நுழைந்தவனுக்கு வழித்துணையாகக் கூட வருவது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, சூலூர், திருப்பூர், ஊத்துக்குளிப் பக்கம் எல்லாம் தொட்டுக்கொண்டு, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது. பழைய பெயர் காஞ்சிமாநதி. ஆற்றோரமாகவே நடந்தால் காவிரி வந்துவிடும், சேரர் தலைநகரமான கரூர் வந்துவிடும், அங்கிருந்து காவிரிக்கரை பிடித்தால் பூம்புகார் வரை போய்விடலாம். மேலைக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து பூம்புகார் வரை நீண்ட அந்தப் பெருவழியின் நடுப்பகுதியில் இருக்கிறது கொடுமணல்.

இந்தப் பாதை காலங்காலமாகப் புழக்கத்தில் இருந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்ற பெயரைத் தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது சோழர் காலத்துக் கல்வெட்டு. பாதை அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. 1862இல் ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டபோதும் ஈரோடு, திருப்பூர், போத்தனூர் என்று இந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்துத்தான் மேற்கே போனார்கள். நிலம் காட்டிய வழி அது ஒன்றுதான்.

மழையைப் பொறுத்தவரை இது கொடுத்து வைத்த பூமி இல்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். இங்கே காற்று மட்டும்தான் வரும். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் கிணறு. அதனால் நன்செய் குறைவு, புன்செய் அதிகம், அதைவிட அதிகம் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல் விட்டு, இடையிடையே வெள்வேல் மரம் நிறுத்தி, மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி அடைத்து மேய்க்கிற அந்த முறை காங்கேயம் மாட்டை உருவாக்கியது. நெல் விளையாத பூமியில் மனிதன் வேறு என்ன செய்து பிழைக்கலாம் என்று யோசித்தாக வேண்டும். கொங்கில் தொழில் பிறந்ததன் முதல் காரணம் இந்த வறட்சி.

மண்ணுக்குள் இருந்த முதல்

வறண்ட பூமிதான். ஆனால் அதன் வயிற்றில் இருந்ததைப் பாருங்கள்.

கொடுமணலுக்குத் தெற்கே, காங்கேயத்துக்கு அருகே படியூர் இருக்கிறது. அங்கே பெரில் என்ற பச்சை நீலக் கல் கிடைத்தது. கடல் நீர் நிறத்தில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கல். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதிய இயற்கை வரலாற்று நூல், பெரில் கற்கள் இந்தியாவிலிருந்து வருகின்றன, மற்ற இடங்களில் அபூர்வம் என்று பதிவு செய்கிறது. அன்றைய இந்தியாவில் பெரில் விளைந்த முக்கிய இடங்களில் ஒன்று நம் படியூர். 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதே படியூரில் மறுபடியும் கல் வெட்டி எடுத்தார். ரோமாபுரிக்குப் போன கல்லின் மிச்சம் பதினெட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

அடுத்தது சிவன்மலை. முருகன் கோயிலுக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். அந்த மலையடிவாரத்துப் பாறைகள் தனி இனம். அவற்றில் குருந்தக்கல் இருக்கிறது; குருந்தத்தின் நீல நிற வகைதான் நீலக்கல். இந்திய நிலவியல் துறையின் ஹாலண்ட் என்ற அறிஞர் இந்தப் பாறைகளை மட்டும் ஆராய்ந்து 1901இல் தனி நூலே வெளியிட்டார். இன்றும் உலக நிலவியல் இலக்கியத்தில் சிவன்மலையின் பெயரால் ஒரு பாறைத் தொகுதி வழங்குகிறது. தைப்பூசத் தேருக்கு நாம் அறிந்த மலையை நிலவியலாளர்கள் இப்படி அறிந்திருக்கிறார்கள்.

வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கம் படிகக் கல் கிடைத்தது. கிழக்கே சென்னிமலைப் பக்கம் இரும்புத் தாது. படியூரும் சிவன்மலையும் சென்னிமலையும் கொடுமணலிலிருந்து ஒரு நாள் நடைக்குள். நடுவில் ஆறு, பக்கத்தில் பெருவழி. இத்தனையும் ஒரே இடத்தில் கூடினால் அங்கே தொழில் வராமல் எப்படி இருக்கும்?

பட்டறை ஊர்

இனி மண்ணைத் தோண்டியவர்கள் கண்டதைச் சொல்கிறேன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் பேராசிரியர் எ. சுப்பராயலு போன்றோர் பொறுப்பில் இங்கே அகழாய்வு செய்தது. பிறகு 1990களின் இறுதியில் தமிழகத் தொல்லியல் துறை. 2012, 2013இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் விரிவான அகழாய்வு. 2020, 2021இல் மறுபடியும் மாநிலத் தொல்லியல் துறை. கொங்கு வரலாற்றுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த புலவர் செ. இராசு இந்த ஊரின் பெருமையை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். ஊருக்குள் மேட்டுப்பாங்கான குடியிருப்புப் பகுதி. அதற்கு அப்பால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பரப்பில் ஈமக்காடு. கரிமக் காலக்கணிப்பு இந்த வாழ்விடத்தை ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டு போகிறது.

கிடைத்த பொருள்களில் நம்மைப் போன்ற தொழிலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை கழிவுகள். விற்கத் தயாரான அழகான மணி எந்த ஊரிலும் கிடைக்கலாம். வாங்கி வந்ததாக இருக்கலாம். கொடுமணலில் அந்த மணி உருவாகிற எல்லாப் படிகளும் கிடைத்தன. தட்டி எடுத்த மூலக்கல், உருண்டையாகச் செதுக்கியது, பாதி தேய்த்தது, மெருகு போட்டுத் துளை போடாமல் விட்டது, துளை போட்டது, கூடவே குவியல் குவியலாகக் கல் சில்லு. ஒரு பனியன் கம்பெனியின் கொல்லைப்புறத்தில் கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்தாலே உள்ளே என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதே மாதிரி அந்தச் சில்லுகளைப் பார்த்து அகழாய்வாளர்கள் சொன்னார்கள்: இது மணி விற்ற ஊர் மட்டும் அல்ல, மணி செய்த ஊர்.

உள்ளூர்க் கல்லோடு வெளியூர்க் கல்லும் கிடைத்தது. சிவப்பு நிறச் சூதுபவளமும் அகேட்டும் மேற்கு இந்தியாவிலிருந்து, குஜராத் பக்கத்திலிருந்து வந்தவை என்று கருதுகிறார்கள். லாபிஸ் லசுலி என்ற ஆழ்நீலக் கல்லின் விளைநிலம் ஆப்கானிஸ்தான். யோசித்துப் பாருங்கள். கைவினை தெரிந்த ஆள் இங்கே இருந்தான் என்பதற்காக அவ்வளவு தூரத்துக் கல் இங்கே வந்திருக்கிறது. இன்று குஜராத், மகாராஷ்டிரப் பருத்தி நூலாகித் திருப்பூருக்கு வருவதும் இந்தக் காரணத்தால்தான். மூலப்பொருள் தீர்ந்த பிறகும், வராமல் போன பிறகும் ஒரு தொழிலூரைக் காப்பாற்றுவது கை பழகிய வேலை.

இரும்பைப் பார்ப்போம். நடுவில் பெரிய உலை, அதைச் சுற்றிச் சிறு உலைகள், உருகிக் கண்ணாடியாகிப் போன, மூசை என்ற உருக்கு மண்கிண்ணத்தின் துண்டுகள், கசடு. இரும்பை உருக்குவதோடு நிற்காமல், மூசையில் இட்டு எஃகு செய்யும் நுட்பமும் இங்கே இருந்தது என்பது ஆய்வாளர்கள் வந்த முடிவு. கொங்கின் இரும்புத் தொழில் அதன் பின்னும் நெடுங்காலம் நின்றது. 1800, 1801இல் இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், ஓடைகளில் கருமணல் அரித்து இரும்பு காய்ச்சியதைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

மூன்றாவதாக ஒன்று. இந்த அரங்கில் இருக்கிறவர்களுக்கு அது தனிச் செய்தி. சுட்ட மண்ணால் செய்த சிறு வட்டுகள், நடுவில் துளை, சிலவற்றில் துளைக்குள் இரும்புக் கம்பி. கையளவுப் பொருள். கம்பியைச் சுழல விட்டால் வட்டு எடை கொடுக்கும், பஞ்சு முறுக்கேறி நூலாகும். தக்ளி அது. நூற்பாலையில் ஆயிரக்கணக்கில் சுற்றுகிற கதிருக்கு மூத்த பாட்டன். நொய்யல் கரையில் பஞ்சு நூலான கதை பனியன் கம்பெனிகளோடு தொடங்கியது அல்ல. காதிக்காகத் திருப்பூர் பெயர் வாங்கிய 1920களிலும் தொடங்கியது அல்ல. கொடுமணலில் மணி கோத்த கைகளுக்குப் பக்கத்திலேயே நூல் நூற்ற கைகளும் இருந்தன. அங்கிருந்து கிழக்கே இருக்கிற சென்னிமலை இன்றும் கைத்தறிப் போர்வைக்குப் பேர் போன ஊர். கொடி காத்த குமரன் 1904இல் பிறந்ததும் அந்த நெசவாளர் ஊரில்தான்.

பானையில் எழுதிய பெயர்கள்

இந்த ஊரின் பெரிய செல்வம் கல்லும் இரும்பும் அல்ல என்பது என் எண்ணம். எழுத்துதான் அதன் பெரிய செல்வம்.

தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தமிழகத்திலேயே இத்தனை ஓடுகள் கொடுத்த இடங்கள் மிகச் சில. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் பானை. அதன் தோள்பட்டையில் கூர்மையான முனையால் கீறிய ஒரு பெயர். கண்ணன், ஆதன் என்று தமிழ்ப் பெயர்கள். சம்பன், சுமணன், விஸாகி என்று பிராகிருதத்தைச் சேர்ந்த பெயர்கள். ஓர் ஓட்டில் நிகம என்ற சொல். வணிகர் குழுவைக் குறிப்பது.

இது அரசாணை இல்லை. புலவர் பாட்டு இல்லை. சோற்றுப் பானையிலும் தண்ணீர்ப் பானையிலும் தன் பெயரைத் தானே கீறிக்கொண்டவர்கள் இருந்த ஊர். கல் அறுத்தவனும் இரும்பு அடித்தவனும் வாழ்ந்த ஒரு புன்செய்க் கிராமத்தில் எழுத்து அவ்வளவு சாதாரணமாகப் புழங்கியிருக்கிறது. உழைக்கிறவனுக்கு எழுத்து எதற்கு என்று பின்னாளில் இந்தச் சமூகம் கேட்டதே, அந்தக் கேள்விக்கு இந்த ஓடுகள் பதில் சொல்கின்றன.

வடபுலத்துப் பெயர்களையும் நான் வேண்டுமென்றேதான் எடுத்துச் சொன்னேன். வேறு மொழி பேசியவர்கள் இங்கே வந்து தங்கி, உள்ளூர்ப் பானையில், உள்ளூர் எழுத்தில் தம் பெயரை எழுதிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் நம் கம்பெனி விடுதிகளில் தங்கித் தைக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது சிலர் குரலில் ஏறுகிற கசப்பை நான் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நொய்யல் கரைத் தொழில் எந்தக் காலத்திலும் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் வளர்ந்தது. வந்தவர் பெயரை அந்த ஊர் அழிக்கவில்லை. அதனால்தான் இன்று நாம் படிக்க முடிகிறது.

இறந்தவர்களையும் அந்த ஊர் மறக்கவில்லை. ஈமக்காட்டில் பலகைக் கற்களை நிறுத்தி அறை கட்டி, ஒரு பக்கக் கல்லில் துளை விட்டு, மேலே மூடுகல் போட்டு, சுற்றிலும் கல்வட்டம் அமைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஈமச்சின்னத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இன்னொன்றில் கிடைத்தது, கல் பதித்த சிறு வெண்கலப் புலி. வருமானத்துக்காகச் செய்த பொருளில் மிகச் சிறந்ததைச் செத்தவர் பக்கத்தில் வைத்து மூடியிருக்கிறார்கள். செய்தொழிலின் மேல் அவர்களுக்கு இருந்த மதிப்பு அது.

பேர் போன ஊர்

இவ்வளவு உழைத்த ஊரின் பெயர் வெளியே தெரியாமல் இருக்குமா? சேரர்களைப் பாடிய பதிற்றுப்பத்து என்ற சங்கத் தொகையில் கொடுமணம் என்ற ஊர் இரண்டு இடங்களில் வருகிறது; கபிலர் பாட்டில் ஒரு முறை, அரிசில்கிழார் பாட்டில் ஒரு முறை. இரண்டு இடத்திலும் அந்த ஊரின் அணிகலன்தான் பேச்சு. பந்தர் என்ற ஊரின் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அந்தக் கொடுமணம்தான் இந்தக் கொடுமணல் என்பதை அகழாய்வு உறுதியாக்கியது.

வெளிநாட்டுப் பணமும் வந்தது. கொங்கு மண்ணில் ரோமானியக் காசுப் புதையல்கள் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. கோவை வெள்ளலூரில் 1842 தொடங்கிப் பல முறை கிடைத்தன. நமக்குப் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் 1913இல் ஒரு புதையல். அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்களின் வெள்ளிக் காசுகள். ஏற்றுமதிக்குக் கிடைத்த பணத்தைப் பானையில் போட்டுப் புதைத்தவன் எடுக்க வராமலே போய்விட்டான்.

அந்த வாழ்வும் ஒரு நாள் மங்கியது. ரோமானிய வாணிகம் தளர்ந்தபோது பெருவழியில் இருந்த பல ஊர்கள் சுருங்கின. கொடுமணல் மறுபடியும் ஒரு புன்செய்க் கிராமமானது. பட்டறை இருந்த மேட்டில் சோளம் விதைத்தார்கள். கல்வட்டங்களுக்கு நடுவே ஏர் ஓடியது. பல கல்வட்டங்கள் பெயர்க்கப்பட்டு வேலிக்கும் வீட்டுக்கும் போயின. ஒரு சந்தையை மட்டுமே நம்பிய தொழிலூர் எப்படிச் சாதாரணக் கிராமமாகும் என்பதற்கும் கொடுமணல் சாட்சி. டாலர் ஏறினால் சிரித்து, அமெரிக்காவில் வரி போட்டால் தூக்கம் கெடுகிற நமக்கு இது பழைய கதை என்று தள்ளிவிடக் கூடியது அல்ல.

ஆற்றுக்கு நேர்ந்தது

இனி நான் சொல்ல வேண்டியது நமக்கு உவப்பானது அல்ல. ஆனால் இதைத் திருப்பூரில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

கொடுமணலுக்குச் சற்றுக் கீழே ஆற்றின் போக்கில் ஒரத்துப்பாளையம் இருக்கிறது. அங்கே பாசனத்துக்காக ஓர் அணை கட்டி 1992இல் திறந்தார்கள். கரூர் வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் போகும் என்று உழவர்கள் காத்திருந்தார்கள். அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் ஏற்றுமதி ஓங்கி வளர்ந்தது. ஒரு கிலோ துணியைச் சலவை செய்து சாயம் போடப் பல குடம் தண்ணீர் வேண்டும். சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு முழுவதும் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக ஆற்றுக்குப் போனது, ஆறு அணைக்குக் கொண்டு போனது, அணை அதைத் தேக்கி வைத்தது. வயலுக்கென்று கட்டிய அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு ஏறியது. தென்னை காய்ந்தது. அணையைத் திறக்காதீர்கள் என்று உழவர்களே கேட்கிற நிலை வந்தது. அணை கட்டியது திறந்துவிடுவதற்கு. அதைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரனே மன்றாடிய ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களில் இந்த ஊர் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் முழு வீச்சில் வந்தன. தண்ணீரை மீட்டு மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறோம். உப்பையும் பிரித்து எடுக்கிறோம். செலவு அதிகம். ஆனாலும் செய்கிறோம். இந்தியாவில் வேறு எந்தத் தொழில் நகரமும் இந்த அளவுக்குச் செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கூடவே இன்னொன்றையும் சொல்லிக்கொள்ள வேண்டும்: நாமாகச் செய்யவில்லை, செய்ய வைத்தார்கள். மண்ணில் இறங்கிய உப்பு இன்னும் முழுவதும் வெளியேறவில்லை. அந்தக் கடனைத் தீர்க்காமல் நமக்கு நிம்மதி கிடையாது.

கொடுமணல் பல நூறு ஆண்டுகள் உலை வைத்தது, கல் அறுத்தது, கசடு கொட்டியது. அந்தக் கசடு இன்று நமக்கு வரலாறாக இருக்கிறது. அதன் மேல் சோளமும் விளைந்தது. நாம் ஒரு தலைமுறைக்குள் ஆற்றை மாற்றிவிட்டோம். தொழில் பெரிதாகும்போது அதன் தடமும் பெரிதாகிறது. அதை அறிந்து தொழில் செய்வது ஒன்றுதான் நமக்கும் கொடுமணலுக்கும் இடையே இருக்க வேண்டிய முன்னேற்றம்.

உங்கள் ஊரை எழுதுங்கள்

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். 1918இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைத் தத்தம் கிராமங்களுக்கு அனுப்பி எழுத வைத்த அறிக்கைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் போன்ற ஊர்களில் யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன் எல்லாம் அதில் இருக்கின்றன. 1930களில் வேறு அறிஞர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனபோது, இருபது ஆண்டில் என்ன மாறியது என்று அளக்க முடிந்தது. முதலில் ஒருவர் எழுதி வைத்ததால்தான் அது முடிந்தது. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் தம் சிற்றூரின் வரலாற்றையும் நில அமைப்பையும் எழுதி, சிறு அருங்காட்சியகம் வைத்துக் காப்பது நெடுநாள் வழக்கம். நமக்குப் பக்கத்திலேயே இரண்டாயிரம் ஆண்டு ஊர்கள் இருக்கின்றன, எழுதுவதற்குத்தான் ஆளில்லை.

பெரிய படிப்பு வேண்டாம். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் நில வகை இருக்கும். கிராம வரைபடத்தில் குளமும் வண்டிப்பாதையும் புறம்போக்கும் இருக்கும். ஊர்க் கோயில் கல்வெட்டைப் படம் எடுங்கள். காட்டில் நிற்கிற நடுகல்லையும் கல்வட்டத்தையும் குறித்து வையுங்கள். கிணறு வெட்டிய பெரியவரிடம் எத்தனை அடியில் சுக்கான்கல், எத்தனை அடியில் பாறை, எந்த ஆண்டில் தண்ணீர் உப்பானது என்று கேட்டு எழுதுங்கள். முதல் விசைத்தறி எப்போது வந்தது, முதல் பனியன் மெஷின் எந்த வீட்டில் போட்டார்கள், கம்போடியா பருத்தி கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். பாட்டிகளிடம் கட்டாயம் கேளுங்கள். ஆண்கள் சொல்லாத கணக்கு அவர்களிடம் இருக்கும்.

கம்பெனி நடத்துகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாதிரித் துணி அறையில் வெளிநாட்டு பையர்களுக்குக் காட்ட எத்தனையோ வைத்திருக்கிறீர்கள். அவர்களை ஒரு நாள் கொடுமணலுக்கு அழைத்துப் போங்கள். இந்தப் பள்ளத்தாக்கு உங்கள் முன்னோரோடு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வியாபாரம் செய்தது என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அந்த ஊரில் கிடைத்த பொருள்களை அந்த ஊரிலேயே பார்க்கும்படி நல்ல அருங்காட்சியகம் வேண்டும் என்று அரசிடம் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். மிச்சமிருக்கிற ஈமக்காட்டை இனி ஒரு கல் பெயராமல் காப்போம். பள்ளிப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்துப் போவது ஒரு கம்பெனிக்குப் பெரிய செலவே அல்ல.

ஆறு சுத்தமாக இருக்க வேண்டும். ஊரின் கதை எழுதப்பட வேண்டும். இந்த இரண்டு வேலையும் நம் தலைமுறையுடையது. இங்கிருந்து போகிற ஒவ்வொருவரும் அடுத்த பொங்கலுக்குள் தம் ஊரைப் பற்றிப் பத்துப் பக்கமாவது எழுதித் தாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.